கணனி விளையாட்டில் சூழலியல்: மலையகப் பிள்ளைகளுக்கு எது வேண்டும்?

மலையகப் பாடசாலைகளுக்குக் கணனி வந்துவிட்டது. எல்லாப் பாடசாலைகளுக்கும் அல்ல. வந்த இடங்களிலும் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் அல்ல. ஆயினும் "கணனி வருமா?" என்ற கேள்வி பழையதாகிவிட்டது. "வந்த கணனியை வைத்து எதைக் கற்பிக்கப் போகிறோம்?" என்பதே இன்றைய கேள்வி. தட்டச்சுப் பழகுவதோடும் படம் கீறுவதோடும் நின்றுவிட்டால், அத்தனை செலவும் ஒரு தட்டச்சுப்பொறிக்குச் செய்த செலவாகவே முடியும்.

மண், மழை, பூச்சி, காடு, மனிதன் ஆகியவற்றுக்கிடையே உள்ள உறவைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கணனி விளையாட்டுகள் நல்ல கருவி என்பது எமது கருத்து. அதே வேளை, அந்த விளையாட்டின் விதிகளை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று கேட்கப் பழக்காமல் அதைப் பிள்ளைகளிடம் கொடுப்பது நல்லதல்ல. நிலத்தை இழந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது விடயம் முதலாவதை விட முக்கியமானது.

மாதிரி விளையாட்டு என்றால் என்ன?

பிள்ளைகள் மண்சோறு ஆக்கி விளையாடுவதை நாம் அறிவோம். அங்கே சிரட்டை சட்டியாகிறது, மண் அரிசியாகிறது. உண்மையான சமையலில் நடப்பவற்றைச் சிறிய அளவில் செய்து பார்க்கிறார்கள். கணனியில் செய்யப்படும் மாதிரி விளையாட்டும் இது போன்றதே. சில எண்களை எடுத்து, "இது முயல், இது நரி" என்று வைத்துக்கொள்கிறோம். முயல் எப்படிப் பெருகும், நரி எத்தனை முயலைத் தின்னும் என்று சில விதிகளை எழுதுகிறோம். பின்னர் அந்த விதிப்படி நூறு ஆண்டுகள் ஓடவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். கையால் கணக்கிட்டால் பல நாட்கள் எடுப்பதைக் கணனி ஒரு நொடியில் செய்கிறது. அதன் சிறப்பு அவ்வளவுதான்.

இந்த எண்ணம் கணனிக்கு முந்தியது. 1925இல் அமெரிக்காவில் லொட்கா என்பவரும், 1926இல் இத்தாலியில் வொல்ட்டெரா என்ற கணித அறிஞரும், இரையும் இரைகௌவியும் மாறி மாறிப் பெருகிக் குறைவதைத் தனித்தனியே சமன்பாடுகளாக எழுதினார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஏட்ரியாற்றிக் கடலில் மீன்பிடி குறைந்தபோது, மற்ற மீன்களைத் தின்னும் மீன்களின் பங்கு கூடியது ஏன் என்ற கேள்வியே வொல்ட்டெராவை இதற்குள் இழுத்தது. 1972இல் டெனிஸ் மெடோஸ் குழுவினர் முழு உலகத்தின் மக்கள்தொகை, உணவு, வளம், மாசு ஆகியவற்றைக் கணனியில் ஓட்டி "வளர்ச்சிக்கு எல்லை உண்டு" என்று எழுதியது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் இவை விளையாட்டாகவும் வந்தன. 1989இல் நகரம் கட்டும் சிம்சிற்றி, 1990இல் முழுப் பூமியையும் ஆளும் சிம்எர்த், 1992இல் உயிரினங்களை உருவாக்கும் சிம்லைஃப் ஆகியவை விற்பனைக்கு வந்தன. 1999இல் யூரி விலென்ஸ்கி என்ற பேராசிரியர் மாணவர்களுக்கென நெற்லோகோ என்ற மென்பொருளை வெளியிட்டார். அது இலவசமானது, கணனியில் ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்கும். அதில் ஓநாயும் ஆடும், காட்டுத்தீ போன்ற மாதிரிகள் ஆயத்தமாகவே உள்ளன.

ஓநாயை எமது பிள்ளைகள் கண்டதில்லை. அவர்கள் கண்ட தேயிலையை வைத்தே இதை விளக்கலாம்.

புழுவும் குளவியும்

தேயிலைத் துளிரைச் சுருட்டி, அதற்குள் ஒளிந்திருந்து தின்னும் ஒரு புழு உண்டு. டோட்ரிக்ஸ் என்று தோட்டங்களில் அறியப்படுவது அது. இலங்கைத் தேயிலைக்கு ஒரு காலத்தில் பெரும் தொல்லையாக இருந்தது. 1935, 1936 ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. கொழுந்து பறிக்கும்போது எமது பெண்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் குளவி அல்ல இது. இந்தச் சிறு குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். அதன் குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். சில ஆண்டுகளில் புழுவின் தொல்லை அடங்கியது.

1950களில் கதை மாறியது. தேயிலைக் கிளையைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற மருந்து அடிக்கப்பட்டது. அந்த மருந்து குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்டது.

இதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடும். அதையே கணக்காகச் செய்து பார்க்கட்டும். பின்வரும் எண்கள் பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்டவை. மலையில் எண்ணி எடுத்தவை அல்ல. ஒரு மலையில் 1,000 புழுவும் 100 குளவியும் இருப்பதாகக் கொள்வோம். விதிகள் மூன்று. ஒன்று, 1,000 புழு இருக்கும்போது ஒரு குளவிக்கு 5 புழு அகப்படும். 2,000 இருந்தால் 10 அகப்படும். 500 இருந்தால் இரண்டரைதான். இரண்டு, அகப்பட்ட ஐந்து புழுவுக்கு ஒன்று வீதம் அடுத்த தலைமுறைக் குளவி பிறக்கும். மூன்று, தப்பிய புழுக்கள் இரட்டிப்பாகும்.

முதலில் மருந்து அடிக்காமல் பார்ப்போம். 100 குளவி 500 புழுவைப் பிடிக்கும். மீதி 500 புழு இரட்டித்து மீண்டும் 1,000 ஆகும். குளவியும் மீண்டும் 100. எத்தனை தலைமுறை ஓடவிட்டாலும் இதே கணக்கு.

இப்போது ஒருமுறை மருந்து அடிப்போம். சுருண்ட இலைக்குள் இருப்பதால் புழுவில் பாதி தப்பிவிடும். வெளியில் பறக்கும் குளவியில் பத்தில் ஒன்றுதான் தப்பும். ஆக, 500 புழு, 10 குளவி. மருந்து அடித்தவர் "பாதி ஒழிந்தது" என்று மகிழ்வார். முதல் தலைமுறையில் 10 குளவிக்கு 25 புழுதான் அகப்படும். மீதி 475 இரட்டித்து 950 ஆகும். குளவியோ 5 ஆகக் குறையும். அடுத்த தலைமுறையில் புழு ஏறக்குறைய 1,850. அதற்கடுத்து 3,600. நான்காம் தலைமுறையில் 6,900. மருந்து அடிக்காமல் விட்டிருந்தால் 1,000 ஆகவே இருந்திருக்கும்!

தரம் 8, 9 மாணவர் இந்தக் கணக்கை ஒரு பாடவேளையில் கொப்பியில் செய்துவிடலாம். கணனி இருந்தால், "இரண்டு முறை அடித்தால்?", "குளவியில் பாதி தப்பினால்?", "மலையின் ஒரு பகுதிக்கு மட்டும் அடித்தால்?" என்று நூறு கேள்விகளை ஒரே நாளில் கேட்டுப் பார்க்கலாம். விடையை ஆசிரியர் சொல்லி எழுதுவதற்கும், தானே கேள்வி கேட்டு விடையைக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. விளையாட்டின் பயன் இங்கேதான் இருக்கிறது.

எல்லை கடந்தபின் தெரியும் உண்மை

இன்னொரு பாடம். 20 வரிசை, வரிசைக்கு 20 கட்டம் உள்ள ஒரு சதுரத்தாளை எடுப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை தாயக்கட்டை உருட்டுவோம். 1, 2, 3 விழுந்தால் அக்கட்டத்தில் மரம், மற்றபடி வெற்றிடம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்குப் பத்து முறை உருட்டினால் காடு ஆயத்தம். ஒரு பக்கத்தில் தீ வைப்போம். எரியும் மரத்துக்கு மேலும் கீழும் இடமும் வலமும் ஒட்டியுள்ள மரம் பற்றும். பெரும்பாலும் தீ சிறிது தூரம் சென்று அணைந்துவிடும். இப்போது 4 விழுந்தாலும் மரம் என்று விதியை மாற்றி மீண்டும் செய்வோம். இம்முறை தீ பெரும்பாலும் மறுகரை வரை ஓடிவிடும்.

பாதிக் கட்டங்களில் மரம் இருந்தபோது அணைந்த தீ, மூன்றில் இரண்டு பங்கில் மரம் இருந்தபோது ஏன் அணையவில்லை? இடையில் ஒரு எல்லை இருக்கிறது. நெற்லோகோவில் பெரிய காட்டை வைத்து ஓட்டினால் அது நூற்றுக்கு 59 அளவில் இருப்பது தெரியவரும். அதற்குக் கீழே பெரிய ஆபத்தில்லை. சற்று மேலே போனால் எல்லாம் போய்விடும். இயற்கையில் கேடு எப்போதும் படிப்படியாக வருவதில்லை என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்கிறது.

நோய் பரவுவதும் இப்படித்தான். 1869இல் இலங்கையின் கோப்பியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அதை ஆராய்ந்த மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி, நோய்க் கிருமியின் வித்துகள் காற்றில் பரவுவதையும், மலைக்கு மலை இடைவெளியின்றிக் கோப்பியே நட்டது அதற்கு வழியமைத்ததையும் எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்கு முன்பே கோப்பித் தொழில் அழிந்தது. தோட்டக்காரர் முதலை இழந்தனர். கோப்பிக் காட்டில் உழைத்த எமது முன்னோர் வேலையையும் சோற்றையும் இழந்தனர். கோப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. அதுவும் மலைக்கு மலை ஒரே பயிர்தான். 1946இல் கொப்புள நோய் வந்தபோது அதே பாடம் மீண்டும் நடத்தப்பட்டது.

தாமதம் என்ற ஆசிரியர்

சூழலியலில் மிகக் கடினமான பாடம் தாமதம். இன்று செய்வதன் பலன் நாளை தெரிவதில்லை. அடுத்த ஆண்டு, சில வேளை அடுத்த தலைமுறையில் தெரிகிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உரம், பூச்சிகொல்லி இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடை நீக்கப்பட்டும்விட்டது. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்தது. எனவே அந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தவர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லியிருக்கலாம். 2022இல் அது 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. உரம் இல்லாமையோடு பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் செடி தன் கையிருப்பைத் தின்று சில மாதம் தாங்கும், பிறகுதான் தளரும் என்பதை எந்தக் கவ்வாத்துக்காரரும் சொல்வார்.

இரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்துவதற்கும், பத்து ஆண்டுகளில் மண்ணை வளர்த்து மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சொல்கிறோம். இந்த இரண்டையும் கணனியில் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்த பிள்ளை, வளர்ந்து அதிகாரியானால் கையெழுத்திடும் முன் சற்று யோசிக்கும்.

புல்டோசர் பொத்தான்

இதுவரை நன்மையைச் சொன்னோம். இனி எமது அச்சத்தைச் சொல்ல வேண்டும்.

சிம்சிற்றி விளையாட்டில் புல்டோசர் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி ஒரு வீட்டின் மேல் வைத்தால் வீடு மறைந்து வெறும் நிலமாகிவிடும். சிறிது பணம் கழியும், அவ்வளவுதான். அந்த வீட்டில் இருந்தவர் யார், எங்கே போனார், அவர் நட்ட பலா மரம் என்ன ஆயிற்று என்று விளையாட்டு கேட்பதில்லை. அந்த விதியை எழுதியவருக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பொத்தானின் மறுபக்கம் தெரியும். 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது வயலும் வீடும் கோயிலும் நீருக்குள் போயின. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியது. அதற்காகவும் குடும்பங்கள் எழும்பிப் போக வேண்டியிருந்தது. சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீரும் திருப்பப்பட்டது. அதற்கு முன்னர் 1977இலும் 1983இலும் வன்செயலால் தோட்டங்களை விட்டு ஓடி, வடக்கே காடு வெட்டிப் பயிர் செய்து, அங்கும் நிலைக்க முடியாமல் போனவர்கள் எத்தனை பேர்! திட்டம் தீட்டியவரின் தாளில் இவர்கள் எல்லோரும் ஒரு கட்டம், ஓர் எண். மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பது உண்மை. ஆனால் கணக்கில் சேர்க்கப்படாத செலவு செலவே அல்ல என்று எண்ணும் பழக்கம் கொடியது. விளையாட்டு அந்தப் பழக்கத்தைப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே ஊட்டிவிடக்கூடும்.

இத்தகைய விளையாட்டுகளில் ஆடுபவர் அமர்வது பெரும்பாலும் துரையின் ஆசனத்தில். பங்களா விறாந்தையிலிருந்து பார்ப்பது போல் மேலிருந்து பார்க்கிறார். எதை நடுவது, எதை வெட்டுவது என்று கட்டளை இடுகிறார். லயத்திலிருந்து பார்த்தால் அதே மலை எப்படித் தெரியும் என்பதற்கு அங்கே இடமில்லை. நாம் மேலே எழுதிய புழுக் கணக்கையே பாருங்கள். புழு இருக்கிறது, குளவி இருக்கிறது, மருந்து இருக்கிறது. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து அடித்தவர் எங்கே? அவர் மூச்சில் போனது எவ்வளவு? அந்த மலைக்குக் கீழே பீலித் தண்ணீர் பிடித்தவர் யார்?

எனவே ஒவ்வொரு விளையாட்டும் முடிந்தபின் ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: "இதில் யார் இல்லை?" இந்தக் கேள்விக்கு விடை தேடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் விளையாட்டு பயன்படும்.

மலை சரியும்போது

2007இல் ஐக்கிய நாடுகளின் அனர்த்தக் குறைப்பு அமைப்பு பிள்ளைகளுக்கென ஒரு கணனி விளையாட்டை வெளியிட்டது. அனர்த்தம் வருமுன் ஊரை எப்படிப் பாதுகாப்பது என்பதே அதன் பொருள். சுனாமி, சூறாவளி, வெள்ளம், பூமியதிர்ச்சி, காட்டுத்தீ என ஐந்து அனர்த்தங்கள் அதில் இருந்தன. மண்சரிவு இல்லை. எமது மலையை அறியாதவர் செய்த விளையாட்டில் எமது ஆபத்து எப்படி இருக்கும்?

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து, பல குடும்பங்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதே.

இந்த எண்கள் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். நேரான சுவருள்ள ஒரு போத்தலும் ஓர் அடிமட்டமும் இருந்தால் பாடசாலையிலேயே மழையை அளக்கலாம். அளந்த எண்ணைக் கணனியில் இட்டு, "மேட்டில் புல் இருந்தால் நீர் எங்கே போகும், மரக்கறிக்குக் கொத்திய வெற்று மண்ணாக இருந்தால் எங்கே போகும், வாய்க்கால் அடைபட்டிருந்தால் எங்கே போகும்" என்று பார்க்கலாம். இது வெறும் பாடமல்ல. நள்ளிரவில் பிள்ளை தகப்பனை எழுப்பி, "அப்பா, போத்தல் நிரம்பிவிட்டது, போவோம்" என்று சொல்லக்கூடும். அப்போது போவதற்குப் பாதுகாப்பான இடம் இருக்க வேண்டும் என்பது வேறு விடயம். அதைப் பெரியவர்களும் அரசும் தோட்ட நிர்வாகமும் செய்ய வேண்டும். எந்த விளையாட்டும் அந்தக் கடமையை ஏற்றுக்கொள்ளாது.

மறுப்புகள்

"வெளியே மலை இருக்க, கணனிக்குள் மலை எதற்கு?" என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. மண்புழுவைத் தொடாமல், ஓடையில் இறங்காமல் சூழலியல் வராது. ஆனால் மலையில் நாற்பது ஆண்டுகளில் நடப்பதை ஒரு பாடவேளையில் காணக் கணனி உதவும். வெளியே பார்த்ததை உள்ளே ஓட்டிப் பார்க்கவும், உள்ளே கண்டதை வெளியே போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் கல்வி நொண்டும்.

"கணனியே இல்லாத பாடசாலைக்கு இது என்ன பேச்சு?" என்பதும் நியாயம். 2020, 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது கைத்தொலைபேசி அலை கிடைக்கும் மேட்டைத் தேடி எமது பிள்ளைகள் அலைந்தார்கள். அதனால்தான் தாயக்கட்டையையும் போஞ்சி விதையையும் சதுரத்தாளையும் முதலில் சொல்கிறோம். கணனி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாளில் விளையாடிய பிள்ளைக்குக் கணனி வந்ததும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்கும். நேரே கணனியில் தொடங்கிய பிள்ளைக்கு அது மாயமாகவே இருக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயிலும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இந்த முறையைப் பழக்க வேண்டும். பூட்டிய கணனி அறையின் திறப்பை அதிபரின் மேசையிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவரப் பயிற்சி பெற்ற ஆசிரியரே வேண்டும்.

இரண்டாவதாக, எமது மண்ணின் கதைகளைத் தமிழில் விளையாட்டாக்க வேண்டும். கோப்பி நோய், புழுவும் குளவியும், மரக்கறித் தோட்டத்து மண்ணரிப்பு, பீலித் தண்ணீர், மண்சரிவு ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றிலும் துரையின் ஆசனம் மட்டுமன்றி, கொழுந்து பறிக்கும் பெண், மரக்கறி செய்பவர், கீழே தண்ணீர் குடிப்பவர், இடம்பெயர்ந்து வந்தவர் ஆகியோரின் ஆசனங்களும் இருக்க வேண்டும். பிள்ளைகள் முறை வைத்து எல்லா ஆசனங்களிலும் அமரட்டும்.

மூன்றாவதாக, விதிகளைப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்டு எழுத வேண்டும். இங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. எந்த மாதத்து மழை மண்ணைக் கரைக்கும், எந்தச் சரிவில் உருளைக்கிழங்கு போடக்கூடாது, நீங்கள் விட்டு வந்த ஊரில் குளத்துத் தண்ணீரை எப்படிப் பங்கிட்டீர்கள், எந்த மரம் காய்த்தால் எந்தப் பறவை வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கணனியைப் பற்றி நான் என்ன சொல்ல?" என்று ஒதுங்காதீர்கள். கணனிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. யாராவது சொன்னதைத்தான் அது ஓட்டும். இதுவரை சொன்னவர்கள் எமது மலையில் வாழாதவர்கள்.

நிலம் கையை விட்டுப் போனபின்னும் நிலத்தைப் பற்றிய அறிவு உங்களிடம் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டால் அது உங்களோடு போய்விடும். இந்தக் காலாண்டில் ஒருநாள் மாலை, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஒரு சதுரத்தாளில் உங்கள் பழைய காணியை வரையச் சொல்லுங்கள். எங்கே கிணறு, எங்கே மேடு, எங்கே தண்ணீர் தேங்கும், எது எதைத் தின்னும் என்று சொல்லிக் கொடுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பிள்ளை விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.